வலது ஓரத்தில் கவுன் போட்ட பெண்

மகளே,

மேலே மேகமும் கீழே வத்தலக்குண்டும் உள்ளவரைக்கும் புகழ் மங்காதவனும், கொடைக்கானல் பாதையின் வளைவுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவை திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பழக்கம் உள்ளவனும், சுற்றுலா வேன் ஓட்டுநர்களின் சக்கரவர்த்தியுமாகிய உன் சித்தப்பன் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் சித்தியும் நலம். அவள் கொஞ்சம் அதிக நலமாக இருப்பதால் என் நலம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இங்கே ஒரு வாரமாக மழை. நீ சென்னையில் பார்க்கிற மழை இல்லை. ஏரியில் கிடந்த படகுகள் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போயின. பெருமாள்மலையில் மூடுபனி எவ்வளவு கெட்டியாக இறங்கியது என்றால், நான் அதன்மேல் வேனைச் சாய்த்து நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். சின்ன வயதிலிருந்தே நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் நீ கேட்பாய், எனக்குத் தெரியும். இன்றைக்கு நான் சொல்லப்போகும் ஒன்றை மட்டும் தள்ளாமல் முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். போனில் என் குரலைக் கேட்டாலே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய்.

போன வாரம் நீ கூப்பிட்டபோது நான் தூண் பாறையில் ஒரு குஜராத்திக் குடும்பத்துக்கு, அந்தப் பாறைகள் பாண்டிய ராஜாவின் மூன்று மருமகன்கள் கல்லாய்ச் சமைந்தவை என்று சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். "சித்தப்பா, நம்ம குடும்பப் படத்தோட ஒரிஜினல் வேணும். ஃபிரேமைக் கழட்டிட்டு படத்தை மட்டும் கொரியர்ல போடுங்க. ஸ்கேன் எல்லாம் வேணாம்" என்றாய். எதற்கு என்று கேட்டேன். "வெட்டப்போறேன்" என்றாய். யாரை என்று கேட்டேன். "சரோஜா அத்தைய" என்றாய். பக்கத்தில் நின்ற குஜராத்திக்காரருக்குத் தமிழ் தெரியாதது நம் குடும்பத்தின் அதிர்ஷ்டம். நானும் "சரி தாயி, அனுப்புறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் உன் புதுக் கண்காட்சியின் அழைப்பிதழ் வந்தது. நீ முன்பே போனில் பிடித்து வைத்திருந்த குடும்பப் படத்திலிருந்து, முழு அட்டைக்கும் அந்த ஒரு முகம். பூப்போட்ட கவுன், இரண்டு சடை, பவுடர் பூசிய வட்ட முகம். கீழே, "என் அத்தை சரோஜா. சிலோனிலிருந்து இந்த மலைக்கு வந்து பதின்மூன்று வயதில் இறந்தவர். அவருடைய ஒரே படம்" என்று போட்டிருந்தாய். உன் சித்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி மாடத்தில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறு இறங்கவில்லை என்றால் மூன்றாம் தடவை வாங்கவில்லை என்று அர்த்தம். ஆனாலும் என்னைத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய செய்தி.

சொல்ல வேண்டியதை நேராகச் சொல்ல வரவில்லை. நேர்ப்பாதையே இல்லாத மலையில் பிழைக்கிறவன், வளைந்துதான் வருவேன், பொறுத்துக்கொள். போன வருஷம் உன் கண்காட்சிக்கு வந்தேனே, அதிலிருந்து தொடங்குகிறேன். சுவர் நிறைய நீ வெட்டி ஒட்டியவை. ஒரு பொம்பளை உடம்பு, அதற்கு ஒரு போலீஸ்காரரின் மீசை. கழுத்துக்கு மேலே தலை இருக்க வேண்டிய இடத்தில் தேயிலைப் பெட்டியில் அச்சடித்த கூடை. புடவை முழுக்க, "சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை" என்ற பேப்பர் விளம்பரங்கள். காலுக்கு மட்டும் என் கால். என் காலை எனக்குத் தெரியாதா? பேரிஜம் ஏரிக்கரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றபோது நீ எடுத்த போட்டோ. நான் அங்கே என் சொந்தக் காலுக்கு எதிரே நின்று, இது ஆணா பெண்ணா, யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் என்று ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது ஒரு கதர்ப் புடவைக்கார அம்மா வந்தார்.

"நீங்க ஆர்ட்டிஸ்டோட அப்பாவா?"

"சித்தப்பாங்க. அப்பாவுக்கு அடுத்த பதவி."

"இந்த ஒர்க்கை நீங்க எப்படிப் பாக்கறீங்க?"

"நின்னுக்கிட்டுதாங்க பாக்குறேன். உக்கார நாற்காலி போடல."

அவர் அதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அப்புறம் உன்னைப் பற்றிக் கேட்டார். அகதிக் குடும்பமா என்றார். இல்லை, அகதி வேறு, நாங்கள் வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து அங்கே தோட்டத்துக்குப் போய், இரண்டு நாட்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டுக்கொண்டதால் அங்கிருந்து இங்கே திரும்பி வந்தவர்கள் என்றேன். "அப்ப நீங்க இந்தியரா, இலங்கையரா?" என்றார். அங்கே இருந்தபோது எங்களைத் தோட்டக்காட்டான் என்றார்கள், இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்த அன்று மண்டபம் முகாமிலேயே சிலோன்காரன் ஆகிவிட்டோம். கடலில் கப்பல் நின்ற கொஞ்ச நேரம் மட்டும் யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை, அந்த நேரத்தில் நாங்கள் யாராக இருந்தோமோ அதுதான் நாங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. நான் சும்மா வாயில் வந்ததைத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு எனக்கே அது நிஜம்தானோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த குழப்பம் இன்னும் தீரவில்லை.

நீ இந்தத் தொழிலை எங்கே கற்றாய் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால் ஏதோ கல்லூரிப் பெயரைச் சொல்கிறாய். பொய். நாலாம் வகுப்பில், பழனிப் பஞ்சாமிர்தக் கடைக்காரர் கொடுத்த காலண்டரில், ராஜ அலங்காரத்தில் நின்ற முருகனின் முகத்தை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு உன் பள்ளிக்கூட போட்டோவை ஒட்டினாயே, அங்கே கற்றாய். அய்யம்பாளையத்தில் பிறந்த உன் சித்திக்கு அன்று போன உயிர் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. "ஆம்பள சாமி மேல பொட்டப்புள்ள மொகத்த ஒட்டி வச்சிருக்காளே, குடும்பம் வெளங்குமா?" என்று அடித்துக்கொண்டாள். நீ அசையாமல், "சாமிக்கு எப்படி சித்தி ஆம்பள பொம்பள?" என்று கேட்டாய். அதற்குப் பதிலாக உன்னைப் பழனிக்கு இழுத்துக்கொண்டு போய் மொட்டை போட்டாள். மொட்டையோடு கால்சட்டை மாட்டிக்கொண்டு நீ வேனில் முன்சீட்டில் ஏறியபோது சுற்றுலாக்காரர்கள் எல்லாம் உன்னைத் தம்பி, தம்பி என்றார்கள். நீ திருத்தவே இல்லை. முடி வளரும்வரை தம்பியாகவே இருந்தாய். ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, கவனித்தாயா? எனக்கு அது புதிது இல்லை. அதைத்தான் இப்போது சொல்ல வந்தேன்.

மகளே, அழைப்பிதழில் நீ போட்டிருக்கிறாயே அந்த முகம், அது சரோஜா இல்லை. அது நான்.

இங்கே நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடி. நானும் குடித்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். இதில் பாதியைத் தள்ள வேண்டாம் என்று மேலேயே கேட்டுக்கொண்டேன்.

இந்தியாவுக்குத் திரும்ப எங்கள் பெயர் வந்த சமயம். பாஸ்போர்ட்டுக்குக் குடும்பத்தோடு ஒரே போட்டோவாக எடுத்துக் கொடுக்க வேண்டும். தோட்டத்துக் கங்காணி ஒரு லாரி பிடித்து, பெயர் வந்த எல்லாக் குடும்பத்தையும் ஒரே நாளில் டவுன் ஸ்டூடியோவுக்கு ஏற்றிக்கொண்டு போனார். அந்த லாரியை விட்டால் வேறு லாரி இல்லை. தாள் திரும்பிப் போய்விடும், கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அன்று பார்த்து என் அக்கா சரோஜாவுக்கு அம்மை போட்டிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றாத பிள்ளையை வாசல் தாண்ட விட மாட்டார்கள். பக்கத்து லயத்து வரிசை வீட்டுக் கிழவியை வேப்பிலையோடு காவல் வைத்துவிட்டு நாங்கள் நாலு பேர் போனோம். அப்பா, அம்மா, உன் அப்பா, நான். அம்மை கண்ட வீட்டில் தலை சீவக் கூடாது, பொட்டு வைக்கக் கூடாது. அதனால்தான் படத்தில் அம்மா பரட்டைத் தலையோடு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்துவிட்டு, "தோட்டத்து உழைப்பு தின்ற பெண் உடல்" என்று நீ கண்காட்சித் தாளில் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தாய். நன்றாக எழுதியிருந்தாய். ஆனால் அம்மா லயத்திலேயே தலை சீவுவதில் பேர் போனவள். அது மாரியம்மனுக்குப் பயந்த தலை.

ஸ்டூடியோக்காரர் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"மூணு புள்ளன்னு எழுதியிருக்கு. ரெண்டுதானே நிக்குது?"

"பொம்பளப் புள்ளைக்கு அம்மை போட்டிருக்குங்க" என்றார் என் அப்பா. "அதை மட்டும் பொறகு கூட்டியாந்து காட்டுறேங்க."

"பொறகு காட்டுறதுக்கு இது என்ன ஆட்டுக்குட்டியா? அஞ்சு பேரும் ஒரு படத்துல இருக்கணும். ஒரு ஆள் கொறஞ்சா அந்த ஆள் இங்கேயே கெடக்க வேண்டியதுதான்."

அம்மா அந்த வார்த்தையைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். படத்தில் இல்லாத பிள்ளை கப்பலிலும் இருக்காது என்று அவளுக்குப் பட்டுவிட்டது. ஸ்டூடியோக்காரர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அந்தக் காலத்தில் என் அழகு அப்படி. சூரியன் என்னைப் பார்த்துவிட்டு வெட்கத்தில் மேகத்துக்குள் போய்விடும், அதனால்தான் தோட்டத்தில் எப்போதும் மழை. "இவன் பொண்ணு மொகமாத்தான் இருக்கான். ஒரு கவுன் இருந்தா சோலி முடிஞ்சது" என்றார். லாரியில் கூட வந்திருந்த கங்காணியின் மகள் போட்டிருந்த கவுனைக் கழற்றி வாங்கினார்கள். அந்தப் பெண் பாவாடையோடு திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னை எரித்துவிடுவது போலப் பார்த்துக்கொண்டே இருந்தது. கங்காணியம்மாவின் சவுரி முடியை இரண்டாகப் பிரித்து எனக்கு இரண்டு சடை. "பாஸ்போர்ட் ஆபீசருங்க பொம்பளப் புள்ளைன்னா கொஞ்சம் செவப்பாத்தான் எதிர்பார்ப்பாங்க" என்று சொல்லி ஸ்டூடியோக்காரர் ஒரு டப்பா பவுடரில் பாதியை என் முகத்தில் கொட்டினார். அம்மை கண்ட வீட்டுப் பிள்ளைக்குப் பவுடர் பூசுகிறார்களே என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலில் நான் கால்சட்டையோடு இடது ஓரத்தில் நின்று ஒரு படம். பிறகு மற்றவர்கள் ஆடாமல் அசையாமல் அப்படியே இருக்க, நான் போய்க் கவுன் மாட்டிக்கொண்டு வந்து வலது ஓரத்தில் நின்று இன்னொரு படம். அப்பா மூச்சையே நிறுத்திக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் நின்ற உன் அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு தாங்கவில்லை. "ஏலே, வளையல் போடலயா?" என்று வாயை அசைக்காமல் கேட்டான். உன் அப்பா சிரித்துக்கொண்டிருக்கும் ஒரே படம் அதுதான் என்றும், தங்கை பக்கத்தில் நிற்கிற சந்தோஷம் என்றும் நீ சொல்வாயே, அந்தச் சிரிப்பு இது. ஸ்டூடியோக்காரர் இரண்டு படத்தையும் நடுவில் வெட்டி, என்னுடைய இடது பாதியையும் என்னுடைய வலது பாதியையும் சேர்த்து ஒட்டினார். அதை மறுபடி ஒரு போட்டோ பிடித்துப் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, வெட்டி ஒட்டியதை எங்களிடமே தந்துவிட்டார். ஃபிரேமுக்குள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. கழற்றி உன் கையில் கொடுத்தால், நீ யார், உன் தொழில் என்ன, திருப்பிப் பார்த்த கணமே பசை வரியைக் கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் நீ ஒரிஜினல் வேண்டும் என்றதும் எனக்கு வியர்த்தது. இத்தனை நாள் இந்தக் கலை நம் குடும்பத்துக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வந்தது அந்த ஸ்டூடியோவிலிருந்துதான் போல.

இராமேஸ்வரத்தில் இறங்கியதும் ஒரு அதிகாரி பாஸ்போர்ட்டைத் திறந்து சரோஜாவை ஏற இறங்கப் பார்த்தார். முகமெல்லாம் அம்மைத் தழும்பு, குட்டையாய் வெட்டிய முடி. "இந்தப் பொண்ணு யாரு?" என்றார். "அதுதாங்க இது" என்றார் அப்பா. "படத்துல நல்ல செவப்பா இருக்காளே." அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மை போட்டுக் கறுத்துப்போச்சுங்க ஐயா" என்றாள். அவர் முத்திரை குத்திவிட்டார். வெளியே வந்ததும் சரோஜா என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். "நான் என் மாதிரி இல்லையாம். நீதான் என் மாதிரி இருக்கியாம். போடி சரோஜா" என்றாள். அன்றிலிருந்து என்னைச் சரோஜா என்றுதான் கூப்பிட்டாள். தண்ணீர் தூக்கும் முறை வந்தால், "சரோஜா போவா, நான் ஆம்பளப் புள்ள" என்று படுத்துக்கொள்வாள். சண்டை போட்டு ஜெயித்ததே இல்லை நான். இப்போதும் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் முதலில் என் கழுத்துதான் திரும்புகிறது.

எங்களை ஒரு காண்ட்ராக்டர் இந்த மலைக்குக் கூட்டிவந்து தோல் பதனிட அனுப்பும் வாட்டில் மரப்பட்டை உரிக்க விட்டதும், பிளாஸ்டிக் தாள் குடிசையில் கிடந்ததும் உனக்குத் தெரியும். இரண்டாவது பனிக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அப்பாவும் உன் அப்பாவும் அவளைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு அடுக்கம் வழியாகப் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள். பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். இந்த ஒரு இடத்தில் மிகைப்படுத்த எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கருமாதி முடிந்ததும் உன் அப்பா அந்தப் படத்தை எடுத்து ஃபிரேம் போட்டுக் கொண்டுவந்து, வலது ஓரத்தில் மட்டும் ஒரு பொட்டு வைத்தான். என் நெற்றியில் வைத்தான். "அண்ணே, அது நான்" என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். "தெரியும்டா. அவளுக்கு வேற படம் இல்ல. நீ கொஞ்ச நாள் அவளா இருந்துக்க."

அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. உலகத்தில் எத்தனையோ ராஜாக்கள் செத்த பிறகு மாலை வாங்கியிருக்கிறார்கள். உயிரோடு இருக்கும்போதே மாலை வாங்கி, தன் படத்துக்குத் தானே சாம்பிராணி காட்டி, தனக்குப் படைத்த வடையைத் தானே தின்ற ஒரே பிரஜை உன் சித்தப்பன்தான். ஆரம்பத்தில் சிரிப்பாக இருந்தது. பிறகு அம்மா அந்தப் படத்தின் முன்னால் நின்று அழுவாள். அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே என் முகத்தைப் பார்த்து சரோஜாவின் பெயரைச் சொல்லி அழுவாள். நான் பின்னால் நிற்பேன், திரும்பிப் பார்க்க மாட்டாள். அந்த நேரத்தில் நான் யார் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. உன் கண்காட்சித் தாளில் அச்சடித்திருக்கிற பெரிய பெரிய சொற்களுக்கு என்ன அர்த்தமோ, எனக்கு அவற்றுக்கெல்லாம் அந்தச் சாம்பிராணி வாசம்தான்.

உன்னைப் பெற்றதோடு உன் அம்மா போனாள். உன் அப்பா உன்னைத் தோளில் தூக்கி, "இது உன் அத்தைடா" என்று காட்டியே வளர்த்தான். அவனும் போன பிறகு நீ எங்கள் பிள்ளையானாய். அவன் உன்னிடம் பொய் சொன்னான் என்று நினைத்துக்கொள்ளாதே. அவன் சொல்லிச் சொல்லி, அவனுக்கே அது அவளாகிவிட்டது. நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது என்று எனக்கு ஒரே ஒரு நாள் தோன்றியது. மொட்டை போட்ட முடி வளர்ந்து உன் தோளைத் தொட்ட வயது. சொந்தக்காரர்கள் வந்தால் படத்தைப் பார்த்து, "அத்தை நல்ல செவப்பு, நீ மட்டும் யாரை உரிச்சுட்டு வந்த?" என்பார்கள். உன் சித்தியும் சொல்லியிருக்கிறாள், வேண்டுமென்றில்லை, வாய்ப் பழக்கம். ஒருநாள் வெள்ளனே நான் வேன் எடுக்கக் கிளம்பினால், நீ நாற்காலி போட்டு ஏறிப் படத்துக்குப் பக்கத்தில் கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நிற்கிறாய். முகம் முழுக்க சித்தியின் பவுடர், டப்பா காலி. "சித்தப்பா, அத்தை மாதிரி ஆயிட்டேனா?" என்றாய். நீ அச்சு அசலாக அந்தப் படம் மாதிரியே இருந்தாய். இருக்காதா? அதுவும் பவுடர், இதுவும் பவுடர். எனக்கு வாய் வரை வந்தது. சொன்னால் உனக்கு அத்தையே இல்லாமல் போய்விடுமே என்று விழுங்கிவிட்டு, "அத்தைய விட நீதான் அழகு" என்று சொல்லி முகம் கழுவிவிட்டேன். நீ அதில் பாதியைத் தள்ளிவிட்டாய்.

இந்த வாரம்தான் உன் சித்தியிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. ஃபிரேமைக் கழற்றிப் பசை வரியைக் காட்டியதும் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

"அப்ப இத்தன வருசமா அமாவாசைக்கு அமாவாசை உங்களுக்கா நான் வடை சுட்டு வச்சேன்?"

"சரியான எடத்துக்குத்தான் போயிருக்கு. நாந்தானே தின்னேன்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அழ ஆரம்பித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ கிட்ட சொல்லாதீங்க" என்றாள். "ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்க. இல்ல, கம்ப்யூட்டர் கடையில குடுத்து வேற காப்பி போடுங்க. செத்துப்போன புள்ளைக்கு ஒரு மொகம் கெடச்சிருக்கு. அழைப்பிதழ்ல எல்லாம் வந்திருச்சு. அதையும் நீங்க புடுங்கிக்கப் போறீங்களா?"

அவள் கேட்டது என் நெஞ்சில் நின்றுவிட்டது. சொன்னால் சரோஜாவுக்கு முகமே இல்லை. பூமியில் எங்குமே இல்லை. சொல்லாவிட்டால், முப்பது வருஷத்துக்கு மேல் என்னைக் கும்பிட்டது போதாதென்று இப்போது சென்னையில் ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் வந்து என்னைக் கும்பிடுவார்கள், அவளை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். எது அவளுக்குச் செய்கிற நல்லது? தூண் பாறைக்கும் ஏரிக்கும் நடுவே இந்த வாரம் எத்தனை தடவை ஓட்டினேனோ அத்தனை தடவை முடிவை மாற்றினேன். போகும்போது சொல்லலாம், வரும்போது சொல்ல வேண்டாம். ஒரு பயணி, "டிரைவர், ஏன் நீங்களே பேசிக்கிறீங்க?" என்று கேட்டார். "நான் இல்லீங்க, எங்க அக்கா" என்றேன். அவர் எழுந்து கடைசி சீட்டுக்குப் போய்விட்டார்.

அறிவுரை என்று உனக்கு ஒன்று சொல்ல வேண்டுமானால், சித்தப்பன் என்ற அதிகாரத்தில் இதைச் சொல்கிறேன்: குழப்பமாக இருக்கும்போது அதைக் குழப்பம் என்றே சொல். நீ ரொம்ப நிச்சயமாக எழுதுகிறாய். உழைப்பு தின்ற உடல், அண்ணனின் பாசச் சிரிப்பு, ஒரே படம். படத்தில் இருந்தவர்களுக்கே அவ்வளவு நிச்சயம் இருந்ததில்லை தாயி. உன் வெட்டு ஒட்டு வேலையில் எனக்குப் பிடித்ததே அந்தப் பசை வரி தெரிகிறபடி நீ விட்டுவைப்பதுதான். எழுதும்போதும் அப்படியே விட்டுவை. இவ்வளவு நீளமாக அறிவுரை சொல்லும் நான் இதில் ஒன்றையும் கடைப்பிடித்ததில்லை என்பதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் என்னைச் சொல்ல வைத்தது ஒரு சின்ன விஷயம். சரோஜாவைப் பார்த்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். நானும் போய்விட்டால் அந்தப் படம்தான் சாட்சி, அது பொய்ச் சாட்சி. ஆகவே என் வாயால் சொல்லிவிடுகிறேன், எழுதி வைத்துக்கொள். அவளுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து இருக்கும், அதன் வழியாக விசில் அடிப்பாள். ஒரு புருவம் மற்றதைவிட மேலே ஏறியிருக்கும். கோபம் வந்தால் காது அசையும்; இதில் மிகை இல்லை, அசையும். அம்மைக்கு முந்தியும் அவள் சிவப்பு இல்லை. என்னைவிடக் கறுப்பு. கொழுந்து பறித்துவிட்டு வெயிலில் வந்து நின்றால் மினுமினுவென்று இருப்பாள். உன் கையை இப்போது வெளிச்சத்தில் நீட்டிப் பார். அந்த நிறம். யாரை உரித்துக்கொண்டு வந்தாய் என்று கேட்டார்களே, அவளைத்தான்.

படத்தை இத்துடன் இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து அனுப்புகிறேன். ஒரிஜினல்தான். உன் சித்திக்கும் கடைசியில் சம்மதம்தான், "அவ அறிவுக்கு அவ பாத்துக்குவா" என்றாள். வெட்டு, ஒட்டு, திருப்பிப் போடு, உன் இஷ்டம். அழைப்பிதழில் அச்சானது அச்சானதுதான், அதை நினைத்து அழாதே. திறப்பு நாளுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். யாராவது அதன் முன்னால் நின்று, இந்தப் பெண் யார் என்று என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. அத்தை என்று சொல்லச் சொன்னால் அத்தை என்கிறேன். நான்தான் என்று சொல்லச் சொன்னால் நான்தான் என்கிறேன். தெரியாது என்று சொல்லச் சொன்னாலும் எனக்குச் சம்மதம், அதுதான் உண்மைக்குக் கிட்டே வரும். ஆனால் எவனாவது வந்து, "பொண்ணு நல்ல செவப்பு" என்று சொன்னால் மட்டும் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். அவனை உன் பக்கத்தில் கூட்டிவந்து நிறுத்தி, சரோஜா இந்த நிறம் என்று காட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
படத்தில் இரண்டு ஓரத்திலும் நிற்கிற உன் சித்தப்பன்